எட்டொன்று

அறைக்குள் காஸ் அடுப்புக் கூடாதென்று
வாடகைத் துண்டிலேயே எழுதித் தந்தவ மிசிஸ் பெனடிக்ற்.
அதனால்
சோறு அவிக்கிற குக்கரில்
ஆடாதோடை அவிகிறது.

கபோஸ் ஒழுங்கையில் மத்தியானம் வாங்கியது.
"ஆடாதோடை" என்றேன்,
கடைக்காரர் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.
இலையைக் காற்றில் கீறிக் காட்டினேன்.
பிறகு இருமிக் காட்டினேன்.
"ஆ... பாவட்டா!"
கண்டங்கத்தரிக்கும் அவரிடம் வேறு பெயர் இருந்தது.
திப்பிலிக்கு மட்டும்
இரண்டு மொழியிலும் திப்பிலி.
சுக்கு வீட்டில் கிடக்கு என்று பொய் சொன்னேன்.
பஸ்ஸுக்குக் காசு வேண்டும்.

சுற்றித் தந்த தாள்
யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு.
பங்குனி முடிவில் மீதி
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
அந்த மனிதருக்கும் இருமல் வந்திருக்கும்.

பகலில் நான் வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் நிற்பவள்.
மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்று
உறையில் கோடு போட்டுக் கொடுப்பவள்.
எந்தச் சிரப் எந்தத் தட்டில் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
எல்லாவற்றையும் குடித்து முடித்துவிட்டாள் வதனி.
சளி சோதித்தாச்சு, ஒன்றுமில்லை.
"போகும்" என்கிறார் டொக்டர்.
வியாழக்கிழமைக்குள் என்று
அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விசா மெடிக்கல்.
நெஞ்சைப் படம் பிடிப்பார்கள்.
மூச்சை இழுங்கோ, அடக்குங்கோ, அசையாதேங்கோ.
அந்த அடக்குகிற இடத்தில்தான்
இவளுக்கு வரும்.

எட்டுக் கிளாஸ் ஒன்றாக வற்ற வேண்டும்.
முதல் கிளாஸை ஊற்றியதும்
விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை முறித்து விட்டு
நனைந்த உயரத்தை நகத்தால் கீறிக்கொண்டேன்.
மிச்சம் ஏழையும் அதன் மேல்.
குக்கருக்குத் தெரிந்தது சோறுதான்.
சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனால்தான்
டக்கென்று விழும் அதன் சுவிச்.
அதற்கு முன்னால் நிறுத்த
ஒரு ஆள் முழித்திருக்க வேண்டும்.

போனில் அவன். ரொறன்ரோவில் பகல்.
"இருமல் எப்பிடி?"
தலையணைக்குள் போனை அமுக்கி இருமிவிட்டு,
"அது எப்பவோ போயிட்டுது" என்கிறாள்.

மணம் படியிறங்கிப் போய்
மிசிஸ் பெனடிக்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.
அறையை விடச் சொல்லப்போகிறா என்று நான் நிற்க,
மூடியைத் தூக்கி மூக்கைக் கொடுத்தா.
"சுக்குப் போடேல்லையா?"
கீழே போய் ஒரு துண்டு கொண்டுவந்து
தானே தட்டிப் போட்டா.
மாத முடிவில் கரண்ட் பில்லில்
இருநூறு ரூபாய் கூட இருந்தது.

இதை வதனிக்குச் சொன்னதில்லை:
ஈர்க்கு இரண்டு கிளாஸ் காட்டியபோது
என் கை ஒருமுறை சுவிச்சுக்குப் போனது.
பாதி வற்றியது பாதி வேலைதான் செய்யும்.
படம் பிழைத்தால் ஆறு மாதம் பிந்தும்.
ஆறு மாதத்துக்கு இந்த அறையில்
இரண்டு கட்டில்.

கையை எடுத்தேன்.
ஈர்க்கைத் துடைத்துத் திரும்பவும் விட்டுப் பார்த்தேன்.
நகக்கீறு வரும்வரை
பதினொன்றரை மணி மட்டும் நின்றேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள்.
"நஞ்சு இதைவிட நல்லாயிருக்கும்" என்றாள்.
மூன்று இரவு.

வியாழன் அன்று இருமவில்லையாம்.
கசாயமோ, சிரப்போ, வெறும் பயமோ
யாரிடம் போய்க் கேட்பது.

ஆவணியில் போனாள்.
குக்கரைப் பழப்புளி போட்டு
நாலு தரம் தேய்த்தாயிற்று.
அரைச் சுண்டு அரிசி, ஒரு ஆளுக்கு.
முதல் வாய் இன்னும் கொஞ்சம் கைக்கிறது.
குழம்பு விட்டுப் பிசைந்தால்
தெரியாது.