வரிசையின் கடைசி ஆள்

தொண்ணூற்று இரண்டு கறவைகளும் போன பிறகும்
நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
கால்கள் தாமாகவே ரப்பர் பூட்ஸைத் தேடுகின்றன.
போய்த் தொழுவத்து விளக்கைப் போடுகிறேன்.
யாருக்கு என்று கேட்காதீர்கள்.
பால் இயந்திரம் இருந்த இடத்தில்
தரை மட்டும் வெளுத்திருக்கிறது.

ஃபிரீஸ்லாந்தின் வடக்கு விளிம்பு எங்கள் ஊர்.
கரைமேட்டுக்கு இந்தப் பக்கம் புல்.
அந்தப் பக்கம் ஆறு மணி நேரம் கடல்,
ஆறு மணி நேரம் சேறு.
பிழைப்பு முழுக்கப் புல் பக்கம்தான்.
ஐம்பத்து மூன்று வருடம்
கடலுக்கு முதுகைக் காட்டியே இருந்திருக்கிறேன்.

அலுவலகத்திலிருந்து வந்தவன் நல்ல பையன்.
நைட்ரஜன் கணக்கைப் பொறுமையாக விளக்கினான்.
கையெழுத்துப் போட்டதும்
பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

மார்ச் கடைசியில் ஹின்கா வந்து கதவைத் தட்டினாள்.
சேற்றுக்குள் ஆட்களை நடத்திப் போக
உரிமம் வைத்திருப்பவள்.
'சீசனுக்கு முன்னால் வழி பார்க்கப் போகிறோம்.
பின்னால் வர ஓர் ஆள் வேண்டும்.
ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்.'
ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை.
அதனால்தான் போனேன்.

நூறு அடி போகவில்லை, முழங்கால் வரை உளை.
'நிற்காதீங்க' என்றாள் திரும்பாமலே.
'நடக்கிறவனைச் சேறு ஒன்றும் செய்யாது.'
நான் பழமொழிகளை நம்புகிறவன் இல்லை.
நின்று பார்த்தேன்.
இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

பிறகு மணல்.
புழுக்கள் கக்கிய மண்சுருள்கள் அடிக்கு நாலு,
ஒவ்வொன்றின் கீழும் யாரோ குடியிருக்கிறார்கள்.
சிப்பிபிடிப்பான்கள் கத்திக்கொண்டு எழுந்தன.
திரும்பிப் பார்த்தேன்:
என் கால் பதிந்த குழிகளில் தண்ணீர் ஊறி
ஓரங்கள் சரிந்து
அந்த இடத்தில் எவனும் நடக்கவே இல்லை.

போன வருடத்து வழி ஹின்காவிடம் தாளில் இருந்தது.
தாள் சொன்ன இடத்தில் கழி இல்லை.
தாள் தரை என்ற இடத்தில் மார்பளவு நீர்.
பனிக்காலப் புயல்
எல்லாவற்றையும் கிழக்கே தள்ளிவிட்டிருந்தது.
கோலை ஊன்றிப் பார்த்தாள்.
தாளை மடித்துப் பையில் வைத்தாள், அவ்வளவுதான்.
கோபம் எனக்கு வந்தது.
யார்மேல் என்று தெரியாமல்
ஒரு மணி நேரம் கழியோரமாகவே கோபத்தோடு நடந்தேன்.
எப்போது அது இறங்கிப் போனது என்று கவனிக்கவில்லை.

மூட்டம் சூழ்ந்தது.
முன்னால் தீவு இல்லை. பின்னால் கரை இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.
எண்ணும்போதே கண் ஐந்தாவதில் நின்றது.
தௌவா, இருபது வயதிருக்கும்.
இடது பின்னங்காலைத் தாங்குகிறான்.
பின்னங்கால் என்றுதான் மனதில் வந்தது.
மன்னிக்கவும்.
க்ளாஸ்கா நாற்பத்தொன்று இப்படித்தான்
வலியை மறைத்துக்கொண்டு மந்தையோடு வரும்.

'நிறுத்துங்க!'
பல மாதங்களில் நான் உரக்கச் சொன்ன முதல் சொல்.
ஒன்றுமில்லை என்றான் பையன்.
காலணியைக் கழற்றினால் காலுறை முழுக்க ரத்தம்.
சிப்பி ஓடு, உள்ளங்காலில், நீளமாக.
கட்டுப் போட்டது நான்.
குளம்புக்குப் போடுகிற அதே முடிச்சு.

அதற்குள் ஓதம் திரும்பிவிட்டது.
தண்ணீர் கடலிலிருந்து வரும் என்று நினைப்போம்.
இங்கே அது முதலில் நமக்குப் பின்னால் நிறையும்.
இருட்டத் தொடங்கியிருந்தது.
ஹின்கா திசைமானியைப் பார்த்தாள்,
மூட்டத்தைப் பார்த்தாள்,
பிறகு கையை நீட்டினாள்:
'அதோ, ஒரு வெளிச்சம். தெற்கில்.
அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.
யார் வீட்டு விளக்கு அது, இந்த நேரத்தில்?'

கூரை முகட்டில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி.
காலையில் போட்டது. அணைக்க மறந்திருக்கிறேன்.
கடல் பக்கமிருந்து என் தொழுவத்தை
அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன்.

பதில் சொல்ல வாய் வரவில்லை.
பையனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
இவன் ஐந்து.