மூன்று கை

எண்பது லட்சம் கணக்குகள்.
கைமாறிய பணமெல்லாம் கோடு.
மூன்றே கைக்குள் சுற்றித் திரும்பும்
முக்கோணம் உண்டா?
ஒவ்வொன்றாய்ப் பார்க்க ஆயுள் போதாது.

கண்ணை மூடி நானூறு கணக்குகளை அள்ளினேன்.
யாருக்குக் கொடுத்தார், அவர் யாருக்கு,
மூன்று தாவலோடு நிறுத்தினேன்.
இல்லை.
சென்னை இரட்டித்தாலும் இதே நானூறு போதும்.
மேலாளர் சந்தானலட்சுமி நம்பவில்லை.

"இல்லவே இல்லையா?"
"மலிந்திருந்தால் சிக்கியிருக்கும், மேடம்.
அங்கொன்று இங்கொன்று என்றால்
நாலு கோடு அழித்தால் தீர்ந்தது."
உதட்டைப் பிதுக்கினார்.

தரமணி ஸ்டேஷனில் மழை.
டீக்கடை ஹக்கீமுக்கு முப்பது ரூபாய் அனுப்பினேன்.
அவர் வாட்ச்மேன் தணிகாசலத்தின் பழைய பாக்கியைத் தீர்த்தார்.
தணிகாசலம், என்னிடம் வாங்கிய பஸ் காசு என்று,
எனக்கே.

போன் டிங் என்றது.
அறிக்கையைத் திருத்தவில்லை.