மூன்றாவது மாதிரி

ஒரு சிம் கார்டு
பழைய மோட்டார் சைக்கிளை விட விலை கூடியிருந்த வருடம்
யாங்கோனில் வந்து இறங்கினேன்.
விசிட்டிங் கார்டில் ஆலோசகர் என்றிருந்தது.
யாருக்கு, எதற்கு என்பது
ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

சூலே பக்கம், தெருமுனையில்
மர மேசை, நாலு தொலைபேசி, ஒரு கடிகாரம்.
அந்த அம்மாளின் தொழிலைப்
பதினெட்டு மாதத்தில் இல்லாமல் ஆக்குவதுதான்
என் முதல் ஸ்லைடு.
அவளிடமிருந்துதான் தினமும் வீட்டுக்குப் பேசினேன்.
சில்லறை சரியாகத் தருவாள்.

பிறகு கோபுரங்கள்.
எந்த ஊருக்கு முதலில், எதற்குக் கடைசியில் என்று
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிசை,
ஒரே எக்செல் தாள்.
நானூற்றுப் பதினேழில்
தட்டோனுக்குத் தெற்கே காத்தலிங்கத்தின் ரப்பர் தோட்டம்.
வாடகைப் பத்திரத்தில் பர்மியப் பெயரைக் கையெழுத்திட்டுவிட்டுத்
தமிழில் கேட்டார்:
"இடி விழாதுல்ல?"
விழும், கோபுரத்துல விழும், உங்க மேல விழாது என்றேன்.
சிரித்தார்.
நான் தகவல்தான் சொன்னேன்.

குரலைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மழைக்காலத்தில்தான்.
நீங்கள் அழைக்கும் எண்
தற்போது தொடர்பு எல்லைக்கு அப்பால்.
ஹோட்டல் அறை, ஹெட்போன், மூன்று மாதிரிகள்.
முதலாவது தாலுகா ஆபீஸ்.
இரண்டாவது ராத்திரிச் செய்தி.
மூன்றாவது,
பாதிக் கதவைத் திறந்து
'வெளியே போயிருக்கார், இப்ப வந்துடுவார்' என்று
ஒருத்தி சொல்வது போல.
பர்மியம் எனக்கு அப்போது தெரியாது.
மூன்றாவதற்கு டிக் போட்டேன்.
மா எய்ந்த்ரா, அரை நாள் கூலி;
ரசீது இன்னும் என் கோப்பில்.

நடுவில் டாக்கா, அக்ரா,
ஒரு விவாகரத்து, பிளாட்டினம் கார்டு.
திரும்பி வந்தபோது
மீன் விற்பவள் காதிலும் போன்.
மேசை இருந்த இடத்தில் போன் உறை விற்கும் பையன்.
என் கணக்கு பலித்திருந்தது.
பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு
ஊர் ஊராக அணைத்தார்கள்.
எந்த ஊரை முதலில், எதைக் கடைசியில் என்று
யாரோ ஒரு தாளைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும்.
என் தாளா, வேறு தாளா, தெரியாது.
என் மடிக்கணினியைத் திறந்து
ஒப்பிட்டுப் பார்த்தேன், இருபது வரிசை வரை.
மூடிவிட்டேன்.

தட்டோனுக்கு அடித்தேன்.
அவள் எடுத்தாள்.
மறுபடி அடித்தேன். அவள்தான்.
இப்போது பர்மியம் புரிகிறது எனக்கு,
கனிவும் புரிகிறது, அது எங்கே உதவாது என்பதும்.

'எண்'ணுக்கும் 'தற்போது'க்கும் நடுவே
சின்னதாய் ஒரு மூச்சு இழுப்பாள்.
அதை வெட்டி எடுக்க
ஸ்டூடியோவில் இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் காசு கேட்டார்கள்.
வேண்டாம், யாருக்குக் கேட்கப்போகிறது என்று
மின்னஞ்சலில் எழுதியது நான்.

பதினோராவது தடவை
அதற்காகவே அடித்தேன்.