மீளளிப்பு

மார்கழி இருபத்திமூன்றாம் திகதி காசு வந்தது.
போதைப்பொருள் மற்றும் மதுசாரப் பரிசோதனைக் கூடம்,
கிளிநொச்சி, முதற்கட்டம்,
நான்கு கோடியே எண்பது இலட்சம்.
கணக்குக் கிளையில் ஆரும் கைதட்டவில்லை.
கேள்வி கோர இருபத்தொரு நாள் வேணும்.
ஆண்டு முடிய எட்டு நாள்,
அதற்குள் நத்தார், அதற்குள் சனி ஞாயிறு.

முப்பத்தோராம் திகதி பின்னேரம்
திறைசேரிக்குத் திருப்புகிற கடிதத்தைத் தட்டச்சிட்டது நான்தான்.
எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.
கணக்காளர் ஒப்பமிட்டுப் பேனையை மூடினார்.
"எங்களுக்குச் செலவழிக்கத் தெரியாதெண்டு
அங்க சொல்லுவினம், பாருங்கோ."
காசுக்குக் கொழும்பு போக
ஒரு பின்னேரம் போதும்.

விசுவமடு வெதுப்பகத்தில் மா குழைக்கிற தவரூபனை
வைகாசியில் சைக்கிளோடு மறித்தார்கள்.
சேட்டுப் பையில் பொலித்தீன்,
பொலித்தீனில் வெள்ளைத் தூள், இருபத்தாறு கிராம்.
அப்பச்சோடா ஐயா, என்றிருக்கிறான்.
எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை, என்றிருக்கிறார்கள்.
தூள் அரக்கு முத்திரையோடு கொழும்புக்குப் போனது.
அவன் வவுனியா விளக்கமறியலுக்கு.
பதினான்கு நாளுக்கொருமுறை கொண்டுவந்து
கூண்டில் நிறுத்துவார்கள்.
அறிக்கை?
கிடைக்கவில்லை, கனம் நீதவான் அவர்களே.
திரும்பவும் பஸ்.

காசு திரும்பிப் போன கிழமை
அவன் மனைவி தர்மிளா எங்கள் படலையில் வந்து நின்றாள்.
"அக்கா, நீங்க கச்சேரியிலதானே.
அந்தத் தூளைப் பாக்க எவ்வளவு முடியும்?
சங்கிலி ஒண்டு கிடக்கு.
நான் கட்டுறன்."

தொகையை நான் சொல்லவில்லை.
தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம், என்றேன்.
அவள் குடிக்கவில்லை.

அன்றிரவு குசினியில் ஒரு கரண்டி அப்பச்சோடா,
அதன்மேல் பாதித் தேசிக்காய்.
புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கி
கரண்டியால் வழிந்தது.
மூன்று செக்கன் இருக்கும்.
ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம்.
தேசிக்காயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றேலாது,
அதுவும் எனக்குத் தெரியும்.

எல்லாத் தூளும் அப்பச்சோடா இல்லை.
பள்ளிக்கூட மலசலகூடத்துக் கூரைத் தகட்டுக்குள்
ரீச்சர் ஒருவர் கண்டெடுத்த சரை
அதே வரிசையில்தான் கிடக்கிறது.
அது ஐஸ் என்று பத்தாம் வகுப்பு முழுக்கத் தெரியும்,
சட்டத்துக்கு மட்டும் இன்னும் தெரியாது.
விற்றவன் பிணையில் வந்து
சந்தியில் போன்கடை போட்டிருக்கிறான்.
பரந்தனில் ஒருத்தியை அடித்த ரிப்பர்க்காரனின் இரத்தம்
ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் நாலு மாதம் இருந்தது,
கரண்ட் போனபோதெல்லாம் வெயிலைக் குடித்தது.
பகுப்பாய்வுக்கு உகந்ததல்ல, என்று மறுமொழி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அடிக்கல் இருக்கிறது.
மிதிவெடிக்காரர் சாண் சாணாகக் கருவி பிடித்துச் சோதித்து
பயமில்லை என்று எழுதித் தந்த காணி.
அந்த நிலத்துக்கு அறிக்கை
நேரத்தோடு வந்துவிட்டது.

தையில் தவரூபனின் கடிதமும் வந்தது, ஒரே வரி:
சோடியம் இருகாபனேற்று,
அபாயகர ஔடதம் எதுவுமில்லை.
வெதுப்பகத்தில் வேறொரு பெடியன் மா குழைக்கிறான்.
தர்மிளாவின் கழுத்தை
நான் பார்க்கவில்லை.

ஆடியில் அடுத்த ஆண்டு மதிப்பீடு.
அதே கூடம், அதே முதற்கட்டம்,
ஐந்து கோடியே முப்பது இலட்சம்.
பயன்பெறுவோர் தொகை என்றொரு கட்டம்,
மாவட்டச் சனத்தொகையை எழுதுவது வழக்கம்.
நான் பென்சிலால் பதினேழு என்று எழுதினேன்.

"இதென்ன பிள்ளை, பதினேழு?"
"தவணை, சேர்."

கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மேலே பேனையால் சனத்தொகையை எழுதினார்.
அழிறப்பர் மேசையில்தான் கிடந்தது.
அவர் எடுக்கவில்லை.