இனம் எண் 212

பாகப்பிரிவினைக்குப் பட்டியல் எழுத
நெற்குப்பைக்குப் போயிருந்தேன்.
ஒரு வீடு, பதினொரு பங்கு.
நான் வக்கீல் குமாஸ்தா,
சாப்பாட்டோடு நாளைக்கு அறுநூறு ரூபாய்.

மூன்றாம் நாள்
மோல்மேன் கடைப் பேரேடுகளுக்கு வந்தோம்.
இராமபாணம் துளைத்த வட்டிக் கணக்கு,
நெல்வயல் அடகு, அரிசி ஆலை அடகு,
ஒரு யானை அடகு.
பிரஜோற்பத்தி வருஷத்துப் பேரேட்டை உதறியபோது
மடித்த தாள் ஒன்று விழுந்தது.
உள்ளே முடி.

இரண்டு கற்றை.
ஒன்று முழங்கை நீளம், கோடு போல் நேராக,
சிவப்பு நூலால் இரண்டு இடத்தில் கட்டியது.
மற்றது விரலளவு.
கன்றுக்குட்டி நக்கிவிட்டது போலச் சுருண்டது.
தாளில் பிள்ளையார் சுழி,
கீழே தை மாதத்துத் தேதி,
அதற்கும் கீழே எழுத்தே இல்லை.

"சவுரியா இருக்கும்" என்றார் அடைக்கலம்.
"பேரேட்டுக்குள்ள யாரு சவுரி வைப்பாக?"
செய்வினை என்று சொல்லிவிட்டு
நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார் லெட்சுமணன்.
சோற்றில் ஒன்று கிடந்தால் இலையை மூடிவிடுகிற வீடு
இதைத் தொண்ணூறு வருஷம்
இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறது.

எனக்கு வேறு பிரச்சினை.
என்ன வார்த்தை போடுவது?
மயிர் என்று எழுதினால்
கோர்ட்டில் வாசிக்கும்போது
யாரோ யாரையோ திட்டியது போலிருக்கும்.
கூந்தல் என்றால் எனக்கு என்ன வந்தது என்பார்கள்.
கேசம் சாமிக்குக் கொடுத்தது.
முடி என்று எழுதினேன்.
முடித்துவிடு என்றும் படிக்கலாம்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

விவரம்: முடி, இரண்டு கற்றை.
மதிப்பு:
பேனா அங்கே நின்றது.

ஏழாம் பங்கு, கோயம்புத்தூர் ஆவிச்சி ஆச்சி,
மூன்று நாளாக வாய் திறக்காதவர்,
தாளை வாங்கிக்கொண்டு வளவில் வெயில் விழும் இடத்துக்குப் போனார்.
தொடவில்லை. குனிந்து பார்த்தார்.
அவர் காதோரம் எண்ணெய்க்கும் படியாத சுருள் ஒன்று.
அடைக்கலத்தின் பிடரியில் அதே சுருள், நரைத்து.
டல்லாஸிலிருந்து செல்போனில் எட்டிப் பார்த்த
லெட்சுமணன் மகனுக்கு நெற்றியில்.
எல்லோரும் தாளைப் பார்த்தார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பன்னெண்டாம் பங்குன்னு கேட்டு
இனி யாரும் வரப்போறதில்ல"
என்றார் லெட்சுமணன்,
யாரும் கேட்காத கேள்விக்கு.

"அந்தப் புள்ளைக்குப் பேரு என்னவாம்?"
ஆச்சி என்னிடம்தான் கேட்டார்.
பேரேடு என் மடியில் இருந்தது.
தையிலிருந்து பங்குனி வரை புரட்டினேன்,
திரும்பவும் பின்னாலிருந்து.
யானையின் பேர் மா ஷ்வே.
வயது, தந்த நீளம்,
இடது காதில் கிழிசல், எல்லாம் இருந்தது.

ஆச்சி பழைய மடிப்பிலேயே தாளை மடித்தார்.
எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை,
பார்த்திருந்தால் எழுதியிருக்க வேண்டும்.

இனம் எண் 213: பித்தளை அண்டா, பதினான்கு.
ஒன்றில் ஓட்டை.