எர்த்து

வைப்பருக்குத்தான் முதலில் கிறுக்குப் பிடித்தது.
கத்திரி வெயில், கப்பலூர் டோல்கேட் வரிசை,
காய்ந்த கண்ணாடியை அது பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தது.
சுவிட்சைத் திருகினேன். கேட்கவில்லை.
பிறகு ராத்திரிகளில் கதவுப் பூட்டு,
டக், டக்கென்று
தானே பூட்டித் தானே திறந்து.
எதிர்வீட்டு அமலோற்பவம் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.
ஐஸ்பெட்டி வண்டி, வேறென்ன நினைப்பாள்.

பிணத்துக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறேன்.
நாளொன்றுக்கு இரண்டாயிரம்.
ஒயர் என்னது, கரண்ட் அவர்களது.

பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன்.
ஆல்டர்னேட்டரைக் கழற்றி அதையே திரும்ப மாட்டிக்
காசு வாங்கினான் பைபாஸ் ரோட்டில் ஒருவன்.
எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னான் மச்சினன். கட்டினேன்.
அதற்குத்தான் செலவு குறைவு.

கருங்காலக்குடியில் அது ஹார்னுக்குப் போனது.
செத்தவர் ரிட்டயர்டு பஸ் டிரைவர்.
பெட்டியை நாலு பேர் இறக்கிக்கொண்டிருக்கிறோம்,
வண்டியில் ஆளில்லை, சாவி என் சட்டைப்பையில்.
நீளமாக ஒரு ஹார்ன்.
விட்டு, சின்னதாக இரண்டு.
ஒப்பாரி நின்றது. கொட்டு நின்றது.
அவர் சம்சாரம் மட்டும் தலையை நிமிர்த்தி
"வளைவுல இப்படித்தான் அடிப்பாரு" என்றது.

ஒயரைப் பிடுங்கப் போன கை
போனட் மேலேயே இருந்தது.
சாயங்காலம் எடுக்கிற வரைக்கும் பிடுங்கவில்லை.
இன்னொரு தடவை அடிக்குமென்று
வாசல் முழுக்க ஆட்கள்
பேச்சைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
அடிக்கவில்லை.

நெல்பேட்டைச் சந்தில் சிக்கந்தர்
ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார், அதை நம்பவில்லை.
நெகட்டிவைக் கழற்றச் சொல்லிவிட்டு
செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மல்லாந்து நுழைந்தார்,
ஸ்டீயரிங்குக்குக் கீழே தலை, ரோட்டில் கால்.
ஒரு சைக்கிள்காரர் அந்தக் காலைத் திட்டிக்கொண்டே போனார்.

கையோடு வந்தது ஒரு கறுப்புப் பெட்டி,
டிபன் பாக்ஸ் அளவு.
பின் ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு.
முன்கண்ணாடி ரப்பர் வழியாக
ரெண்டு ஐப்பசி மழை இறங்கியிருக்கிறது.
"எர்த்து விட்டுப்போச்சுண்ணே.
எர்த்து கிடைக்காத கரண்ட்டு சும்மா இருக்காது,
எந்த ஒயர்ல வழி கிடைக்குதோ அதுல ஏறிக்கிரும்."
வைப்பருக்கும் பூட்டுக்கும் அது சரி.
ஹார்னைப் பற்றி நான் அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை.

புதுசு பத்தொன்பதாயிரம், வர ஒன்பது நாள்.
ஒன்பது நாளில் மதுரையில் எத்தனை சாவு!
வாடிப்பட்டிப் பக்கம் அடிபட்ட வண்டியில் கழற்றியது ஒன்று,
ஆறாயிரத்துக்குப் படிந்தது.
நம்பர் ஒத்துப்போனது, கடைசி எழுத்தைத் தவிர.
ரப்பருக்குப் பசை அடைத்து,
எர்த்து முனையைப் பளிச்சென்று சுரண்டிப் போல்ட் முறுக்கி,
அப்புறம் லேப்டாப்பைத் திறந்து
என் சாவியை அதற்கு அறிமுகம் செய்தார்.
ரெண்டு தடவை ஆளைத் தெரியாது என்றது.
மூன்றாவதில் சிவப்பு விளக்கு அணைந்தது.
அதற்குள் அவனியாபுரத்திலிருந்தும் கீழக்குயில்குடியிலிருந்தும் போன்.
ரெண்டையும் சோணைமுத்துவுக்குத் தள்ளிவிட்டேன்,
நல்ல பார்ட்டிகள்.

"பழசு பேரீச்சம்பழத்துக்குத்தான்" என்றார்.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
முந்நூறு கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
இருநூறில் முடிந்தது.

யானைக்கல் தாண்டிப் பாலம் ஏறுகையில்
நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன.
ஓரங்கட்டிச் சிக்கந்தரைக் கூப்பிட்டேன்.
"ஒசந்த மாடல் பெட்டிண்ணே அது,
இருபது தாண்டினா அதுவாப் பூட்டிக்கிரும்.
உள்ள இருக்கவங்க விழுந்திரக் கூடாதுன்னு."
பின்னால் காலிப் பெட்டி. நன்றி என்று வைத்தேன்.
வைத்ததும் ஒத்தக்கடையிலிருந்து ஒரு குரல்,
அழுது முடித்த குரல்:
பெட்டி இருக்கா, ஒயர் எவ்வளவு நீளம்.

இறக்கத்து வளைவில்
நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு
அடித்துப் பார்த்தேன்.
அழுத்தினால்தான் அடிக்கிறது.