மெதுவாக ஓடும்போது மட்டும்

சத்தம் மெதுவாக ஓடும்போது மட்டும்.
வேகம் பிடித்தால் வாயை மூடிக்கொள்ளும்.

நிபால்தோ துறையில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான்:
"கனெக்டிங் ராடு பேரிங் போச்சு, எதெல்மிரா.
கடலில் தூக்கிப் போடு, நங்கூரத்துக்காவது ஆகும்."
பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்று
இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பவன் அவன்.

முப்பத்தெட்டு வயசு ஜான்சன். நாற்பது குதிரை.
கொழுந்தன் குஸ்தோதியோ விற்றது.
ஒரு பன்றி, ஆறு மூட்டை உருளைக்கிழங்கு,
மிச்சம் ரொக்கம்.
"குறை சொல்ல ஒண்ணுமில்லை அண்ணி" என்றான்,
மோட்டாரைப் பார்த்தபடி.
மறுமாதமே புவெர்த்தோ மோன்ட் போய்விட்டான்
சால்மன் ஆலையில் இரவு ஷிப்டுக்கு.

கடல் வற்றி, படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்த நேரம்
நீலப் பீப்பாயில் மோட்டாரை இறக்கினேன்.
ரொசமேல் வாளி வாளியாக எண்ணி ஊற்றினார்,
பதினொன்றில் கணக்கை விட்டார்.
சிலோயே மழைக்கு வேலைநேரம் கிடையாது,
மீதியை அது ஊற்றியது.

மூன்றாம் இழுப்பில் பிடித்தது.
லொடக். லொடக். லொடக்.
தகர டப்பாவுக்குள் விழுந்த பல்.

நியூட்ரலிலும் அதே சத்தம்.
அப்படியானால் புரொப்பெல்லர் இல்லை.
மேல் பிளக்கின் வயரைப் பிடுங்கினேன்.
எஞ்சின் நொண்டியது, சத்தம் நொண்டவில்லை.
அதை மாட்டிவிட்டுக் கீழ் வயரைப் பிடுங்கினேன்.
அப்போதும் அதேதான்.
பேரிங் என்றால்
சுமை இறங்கியதும் குரலும் இறங்கியிருக்கும்.
நிபால்தோவிடம் இதைச் சொல்லவில்லை,
வேறொரு வியாதி கண்டுபிடிப்பான்.

நீள ஸ்க்ரூடிரைவர்.
கைப்பிடி காதெலும்பில், முனை இரும்பில்.
கீழே கியர் பெட்டி:
தேவாலயத்தில் செபமாலை உருட்டும் பெண்களின் முணுமுணுப்பு.
நடுவில் சிலிண்டர்: வயசுக்குத் தக்க இருமல்.
மேலே ஏறினேன்.
காதுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

பிளைவீல் புல்லரை எதிர்த்தீவிலிருந்து
இரவல் வாங்கிவர ஒரு நாள்.
நட்டோடு மல்லுக்கட்ட அரை நாள்.
கடைசியில் அது விட்டுக்கொடுத்தபோது எழுந்த சத்தத்தில்
நாய் விறகுக்கொட்டகைக்குள் போய்
ராத்திரிச் சோற்றுக்குத்தான் வந்தது.

கவிழ்த்துப் பார்த்தேன்.
உள்விளிம்பில் வளைந்த காந்தங்கள்.
அதில் ஒன்று ஒட்டு விட்டிருந்தது,
விரலால் தள்ளினால் நகர்ந்தது.
சுழற்சி கூடினால் விளிம்போடு ஒண்டிக்கொள்ளும்,
குறைந்தால் அலையும், இடிக்கும்.
அவ்வளவுதான்.
இன்னும் நாலு தடவை கடலுக்குப் போயிருந்தால்
காயிலை நொறுக்கியிருக்கும்.

காந்தத்தின் முதுகில் பழைய பசை.
கம்பெனிப் பசை இல்லை.
பலசரக்குக் கடையில் ஜோடி டியூபாக விற்கும் பழுப்புப் பசை.
அதில் ஒரு கட்டைவிரல் ரேகை,
ரேகையின் குறுக்கே தழும்பு.
வின்ச் கயிறு அந்த விரலைப் பிளந்த அன்று
துணி சுற்றியது நான்தான்.

"என்ன அது?" என்று எட்டிப் பார்த்தார் ரொசமேல்.
"காந்தம்" என்றேன்.

பென்சிலால் குறி போட்டுக்கொண்டேன்.
திருப்பி ஒட்டினால் வடக்கு தெற்காகும், பொறி பிறக்காது.
பிறகு சுரண்டினேன்.
ரேகையையும் சுரண்டத்தான் வேண்டியிருந்தது,
பழைய பசைமேல் புதுசு நிற்காது.
அடுப்போரம் ஒரு ராத்திரி காயவிட்டேன்,
ரொட்டி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.
பின்னால் ஆலை இரைச்சல், குளிர்பெட்டி விசிறிகள்.
மருமகள் படிப்பு, பஸ் கட்டணம், அங்கேயும் மழை.
"மோட்டார் எப்படி அண்ணி?"
"நல்லா ஓடுது."
கொஞ்ச நேரம் விசிறிகள் மட்டும் பேசின.
"மெதுவா ஓடும்போதுமா?" என்றான்.

அந்தப் பன்றி எத்தனை கிலோ நின்றது
என்று கேட்டேன்.